கொப்பரை: தேங்காய்க்கும் பெரிய பாத்திரத்துக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

திருவண்ணாமலையில் மகா தீபம் ஏற்றுவதும் கொப்பரையில்தான், செக்கில் எண்ணெய்க்கு ஆட்டும் உலர்ந்த தேங்காயும் கொப்பரைதான். இரண்டும் ஒரே சொல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாத்திரக் கொப்பரையை, ஓடு, மண்டையோடு, கலம் என்று பொருள்படும் 'கர்ப்பரம்' என்ற வடசொல்லோடு சேர்த்துப் பார்ப்பார்கள். இந்தியில் உலர்ந்த தேங்காய் 'கோப்ரா', மண்டையோடு 'கோப்டி'. ஆக, உள்ளே குழிந்த ஓடு என்ற எண்ணம்தான் இரண்டு பக்கமும் ஓடுகிறது. பாதி உடைத்த தேங்காயைக் கையில் வைத்துப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்தச் சொல்லை உலகத்துக்குக் கொண்டுபோனவர்கள் போர்ச்சுகீசியர். அவர்கள் அதை மலையாளக் கரையில் எடுத்தார்கள் என்றே அகராதிகள் சொல்கின்றன. கார்சியா த ஓர்ட்டா என்ற மருத்துவர் 1563-ல் கோவாவில் அச்சான தம் நூலிலேயே, உலர்த்திய தேங்காய்க்கு இந்தப் பெயரைக் குறித்திருக்கிறார். ஆங்கிலத்துக்கு அது போனது அதற்குப் பிறகுதான்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. அதனால் இங்கே பேச்சில் 'கொப்பரா' என்றே வரும். தேங்காய் வெட்டு முடிந்து, கதம்பையை (மேல் மட்டையை) உரித்து, இரண்டாக உடைத்து, பருப்பு மேலே தெரிய முற்றத்தில் பரப்புவார்கள். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் பட்டால் பருப்பு சுருங்கிச் சிரட்டையை (கொட்டாங்குச்சியை) விட்டு விலகும். அப்புறம் தோண்டியெடுத்து மறுபடி காய வைக்க வேண்டும். பச்சையில் பாதிக்குப் பாதி ஈரம். அது ஆறு சதவீதத்துக்கு இறங்கினால்தான் பூஞ்சை பிடிக்காது, எண்ணெயும் காறாது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் இது லேசான வேலை இல்லை. மழை விடாவிட்டால் புகை போட்டு உலர்த்துவார்கள். பருப்பு கறுத்துப்போகும், விலையும் இறங்கும்.

உருண்டைக் கொப்பரை வேறு. முழுத் தேங்காயை உரிக்காமல் எட்டு மாதம், ஒரு வருடம் என்று அட்டத்தில் (பரணில்) போட்டு வைத்தால் உள்ளே நீர் வற்றி, குலுக்கினால் பருப்பு கடகடவென்று உருளும். கர்நாடகத்தில் திப்தூர் இதற்குப் பேர்போனது. வடக்கே பூஜைக்கும் இனிப்புக்கும் கேட்பது இதைத்தான். எங்கள் ஊரில் கொப்பரா என்றால் பெரும்பாலும் ஆட்டுவதற்கான பாதித் துண்டுகள், ஆகவே கடையில் முழுசாக வேண்டுமென்றால் 'உருண்டை' என்று சேர்த்தே கேளுங்கள்.