சுறாவுக்கு மீன் போட்டுக் கூப்பிடும் டைவ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மீன்தலையைக் காட்டிச் சுறாவை வரவழைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் டைவ்கள் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். டைவிங் சொல்லிக்கொடுப்பது என் தொழில். சுறாக்கள் மேல் எனக்குப் பெரிய பிரியமும் உண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, ஒரே வரியில் சொல்லுங்கள், இது தப்புதானே? (மதுரை)

ஒரே வரியில் அடங்காது தம்பி. எந்தச் சுறா, எந்த இடம், எவ்வளவு தீனி, பணம் யார் கைக்குப் போகிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பிஜியில் நடப்பதை ஆதரிக்கிறேன். பிலிப்பைன்ஸின் ஓஸ்லோப் என்ற கடலோர ஊரில் நடப்பதை ஆதரிக்கவில்லை.

பிஜியில் அப்படி என்ன விசேஷம்? (சென்னை)

விடி லெவு தீவின் தெற்குக் கரையோரம் ஒரு பவளப்பாறைத் திட்டு இருக்கிறது. அங்கே மீன் பிடிக்கும் உரிமை பரம்பரையாக அக்கம்பக்கக் கிராமங்களுடையது. 2004இல் அதைச் சுறாக் காப்பகமாக்கியபோது கிராமத்தார் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு, அங்கே டைவ் செய்ய வரும் ஒவ்வொருவரிடமும் வசூலிக்கும் தொகை கிராமங்களுக்குப் போகிறது. சுறா உயிரோடு இருந்தால்தான் ஊருக்கு வருமானம் என்ற நிலையை உண்டாக்கினார்கள். எனக்கு இதுதான் முக்கியம்.

தீனி போடும் முறையிலும் ஒழுங்கு உண்டு. பயணிகள் தாழ்வான ஒரு கல்வரிசைக்குப் பின்னால் மண்டியிட்டு இருப்பார்கள். வழிகாட்டிகள் நீளக் கம்பியோடு காவல் நிற்பார்கள். தீனி கொடுப்பவர் தொட்டியிலிருந்து சூரைத் தலை ஒன்றை எடுத்து நீட்டுவார். காளைச் சுறா அவசரமில்லாமல் வரும். வாய் திறக்கும் கணத்தில் அதன் கண்மேல் ஒரு வெண்சவ்வு ஏறி மூடும். கவ்வும், தலையை ஒரு உலுக்கு உலுக்கும், அப்படியே வளைந்து போய்விடும்.

இந்தச் சுறாக்கள் சோம்பேறியாகி அங்கேயே தங்கிவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஆண்டின் கடைசி மாதங்களில் இனப்பெருக்கத்துக்காகப் பெரும்பாலானவை கிளம்பிவிடும், சூரைத் தலை கிடைத்தாலும் நிற்காது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு அவற்றின் திசுக்களைப் பரிசோதித்தது. நீண்ட கால உணவுப்பழக்கம் மாறியதற்கான அடையாளம் இல்லை.

மனிதன் என்றால் சாப்பாடு என்று சுறா பழகிக்கொண்டு, கடற்கரையில் குளிப்பவர்களைக் கடிக்காதா? (சிங்கப்பூர்)

நியாயமான பயம். இந்தக் கவலையில்தான் ஃபுளோரிடா மாநிலம் தன் கடல் எல்லைக்குள் 2002இலிருந்து சுறாவுக்குத் தீனி போட்டுக் காட்டும் டைவைத் தடை செய்தது. சுறா புத்திசாலி, இந்த இடம், இந்தப் படகுச் சத்தம் என்றால் தீனி வரும் என்று சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஆனால் தீனி கிடைக்கும் பஹாமாஸ் புலிச்சுறாக்களையும் தீனி கிடைக்காத ஃபுளோரிடா புலிச்சுறாக்களையும் செயற்கைக்கோள் கருவி கட்டிப் பின்தொடர்ந்த 2012 ஆய்வில், பஹாமாஸ் சுறாக்கள்தான் இன்னும் விரிந்த பரப்பில் சுற்றின. ஒரே இடத்தில் முடங்கிக் கிடக்கவில்லை.

ஆபத்து உண்மையில் யாருக்கு என்றால், தீனி போடும் இடத்தில் இருப்பவர்களுக்கு. 2008இல் பஹாமாஸில், கூண்டில்லாமல் தீனி போட்டு நடத்திய டைவில் ஆஸ்திரியப் பயணி ஒருவர் காலில் கடிபட்டு இறந்தார். அதனால் குளிக்கும் கரைக்குப் பக்கத்தில் தீனி போடுவதை நான் எந்த நாட்டிலும் ஏற்க மாட்டேன்.

ஓஸ்லோபில் ஏழை மீனவர்களுக்கு வாழ்வு கிடைத்திருக்கிறதே, அதை எப்படிக் குறை சொல்வீர்கள்? (யாழ்ப்பாணம்)

அந்த மீனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திமிங்கலச் சுறாவைப் பிடிப்பது பிலிப்பைன்ஸில் 1998லேயே தடையாகிவிட்டது. ஓஸ்லோபில் மீனவர்கள் வலைப்பக்கம் வரும் திமிங்கலச் சுறாக்களை விலக்கிவிட, உயாப் என்கிற சிறு இறாலைத் தூவி அழைத்துப் போவார்களாம். 2011இல் அதுவே சுற்றுலா ஆனது. டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு அவர்கள் சங்கத்துக்குப் போகிறது. நல்லதுதான்.

ஆனால் சுறாவின் பக்கம் பாருங்கள். தினமும் காலையில் படகுக்கடியில் செங்குத்தாக நின்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது. வருவதில் பெரும்பாலானவை இன்னும் வளர்ந்து முடியாத குட்டிகள். நெடுந்தூரம் அலைய வேண்டிய அவற்றில் சில மாதக்கணக்கில் அங்கேயே நிற்கின்றன. படகு என்றால் தீனி என்று பழகிய சுறா வேறு ஊரில் வேறு படகை நெருங்கினால் அடிபடும் ஆபத்து உண்டு. ஓஸ்லோபுக்கு வரும் பெரும்பாலானவற்றின் உடம்பில் தழும்புகள் இருக்கின்றன. அதே நாட்டில் டொன்சோலில் 1998இலிருந்து தீனி போடாமலேயே இவற்றைக் காட்டுகிறார்கள். அங்கே சில நாள் ஒன்றும் தென்படாது. நான் அந்த ஏமாற்றத்தோடு திரும்பவே விரும்புவேன்.

கூண்டுக்குள் இருந்து வெள்ளைச் சுறா பார்ப்பது பாதுகாப்புதானே? (கோவை)

உங்களுக்குப் பாதுகாப்பு, சுறாவுக்கு இல்லை. மெக்சிகோவின் குவாதலூப் தீவில் 2019இல் ஒரு வெள்ளைச் சுறா கூண்டுக் கம்பிகளுக்கிடையே தலை சிக்கித் துடித்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. 2023 ஜனவரியில் மெக்சிகோ அங்கே இந்தச் சுற்றுலாவையே நிறுத்திவிட்டது. இரையைக் கூண்டுக்கு நேராக இழுத்தால் சுறா கூண்டில்தான் மோதும்.

சுறாவைத் தடவி, தலைகீழாகப் புரட்டிப் படம் எடுக்கிறார்களே? (திருச்சி)

வேண்டாம். அப்படிச் செய்யும் டைவ் கடைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நம்பகமான டைவ் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? (பெங்களூர்)

தொகையைக் கேட்பதற்கு முன், அந்தக் கடலில் சுறா பிடிக்கத் தடை இருக்கிறதா என்று கேளுங்கள். பஹாமாஸில் நீள் தூண்டில், அதாவது நிறையக் கொக்கிகள் கட்டிய நீளக் கயிறு, 1990களிலேயே தடையாகிவிட்டது, 2011இல் வணிகச் சுறாப் பிடிப்பும் தடையானது. சுறா, திருக்கை டைவ்கள் அந்நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 11 கோடி டாலர் ஈட்டித் தருவதாக ஒரு கணக்கு உண்டு. தடை நிலைத்து நிற்க அந்தப் பணமும் ஒரு காரணம். அப்புறம், ஒரு டைவுக்கு எவ்வளவு மீன் போடுகிறார்கள், எத்தனை பேரை இறக்குகிறார்கள் என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

தீனியே போடாமல் சுறா பார்க்க வழி உண்டா? எனக்கு டைவிங் தெரியாது, கணவருக்குத் தெரியும். (சேலம்)

தாராளமாக உண்டு, மாலத்தீவு போங்கள். அங்கே 2010இல் சுறா பிடிக்கத் தடை போட்டார்கள். தெற்கு ஆரி பவளத்தீவின் ஓரத்தில் திமிங்கலச் சுறாக்கள் வருடம் முழுக்க உலவும். 2009இலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி. நீங்கள் ஸ்நார்கல் (மூச்சுக்குழாய்) போட்டு மேலிருந்தே பார்க்கலாம், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணவர், கடல்நீர் உள்ளே பாயும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு பவளத்தீவின் கால்வாய் வாய்களில் இறங்கட்டும். சாம்பல் பவளச் சுறாக்கள் அந்த ஓட்டத்துக்கு எதிரே வந்து நிற்கும். ஓட்டம் பலமாக இருக்கும், அனுபவமுள்ள வழிகாட்டி இல்லாமல் இறங்க வேண்டாம்.