வசனச் சீட்டு எடுக்காமல் ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை

அன்புள்ள மேடம்,

நான் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். வயது 38. வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. ஷிப்டுக்குத் தகுந்தபடி கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது. உடம்பு தாங்கவில்லை, ஓசூருக்கே குடிபோய்விடலாம் என்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார், சர்க்கரை நோய்.

கர்த்தருடைய சித்தம் தெரியாமல் ஒரு அடியும் எடுத்து வைக்கக் கூடாது என்று நினைப்பவள் நான். ஓசூர் விஷயத்துக்காக ஜெபித்துவிட்டு வேதத்தைத் திறந்தேன். "நீங்கள் இந்த மலையருகே தங்கியிருந்தது போதும்" என்று உபாகமத்தில் வந்தது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை நேரே தெரியும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மறுநாள் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று திறந்தால், "தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்" என்று 37ஆம் சங்கீதம். போ என்கிறாரா, இரு என்கிறாரா? ஜெபக்குழுவில் ஒரு அக்கா வேறு, "போக வேண்டாம்னு கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்கிறார்.

வீட்டில் ஒரு வசனப் பெட்டி இருக்கிறது. சின்னதாகச் சுருட்டி வைத்த சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். புதுசாக வருகிறவரிடம் துணி வாங்கலாமா, மகளை டியூஷனுக்கு அனுப்பலாமா, சாயங்காலம் மார்க்கெட் போகலாமா, எல்லாவற்றுக்கும் சீட்டுதான். வந்த வசனத்தில் சமாதானம் கிடைக்காவிட்டால் அதைச் சுருட்டிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுப்பேன். சில நாள் ஒரு மணி நேரம் இதிலேயே போய்விடுகிறது. தைக்க வேண்டிய துணி அப்படியே கிடக்கிறது. "ஆண்டவர் உனக்கு மூளை கொடுக்கலையா?" என்று கணவர் கத்துகிறார். அவர் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டாரோ என்று அது ஒரு கவலை.

முன்பெல்லாம் நான் இப்படி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது எந்த ஆஸ்பத்திரி என்று அவசரத்தில் நான்தான் சொன்னேன். ஜெபிக்கக்கூடத் தோன்றவில்லை. வழியிலேயே போய்விட்டார்.

இந்த மாதக் கடைசிக்குள் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். கர்த்தருடைய சித்தத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஓசூருக்குப் போகலாமா?

பெயர் வெளியிட வேண்டாம், கிருஷ்ணகிரி.

அன்புச் சகோதரி,

கடிதம் முழுக்க ஓசூரைப் பற்றி எழுதிவிட்டு, அப்பாவைப் பற்றி நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அங்கேயிருந்து தொடங்குகிறேன்.

நெஞ்சுவலி என்றால் தாமதிக்காமல் வண்டியில் ஏற்ற வேண்டும். அதைத்தான் செய்தீர்கள். மாரடைப்பில் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி உயிர் போகும் ஆபத்து முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் அதிகம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்துவிடுகிறவர்கள் நிறைய பேர். அந்த நிமிடத்தில் உட்கார்ந்து சீட்டு எடுத்திருந்தால் இருந்த கொஞ்ச நேரமும் போயிருக்கும். ஆனால் துக்கத்தில் மனசு கணக்குப் போட்ட விதம் வேறு: கேட்காமல் செய்தேன், அதனால் அப்பா போய்விட்டார், இனி கேட்காமல் எதையும் செய்யக் கூடாது. மார்க்கெட் போவதற்குக்கூட இன்று உங்கள் கை அந்தப் பெட்டிக்குப் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சீட்டு எடுத்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி வருகிறது. அதனால்தான் விடவும் முடியவில்லை. ஆனால் எடுத்துப் பார்த்தால்தான் ஆபத்து இல்லை என்று மனசு பழகிவிட்டால், அடுத்த தடவை சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் சின்ன விஷயத்துக்கு வரும். அரிப்பைச் சொறிவது மாதிரி. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அதை வீட்டுச் சுவரில் ஒட்டி வருடம் முழுக்கப் பார்ப்பது ஆறுதலான விஷயம். பிடிக்காத வசனத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டு வேறு எடுப்பது எதில் சேர்த்தி என்று உங்களுக்கே தெரியும்.

வேதத்தையே எடுத்துக்கொள்வோம். "மலையருகே தங்கியிருந்தது போதும்" என்பது ஓரேப் மலையடியில் இருந்த இஸ்ரவேலருக்குச் சொன்னது. 37ஆம் சங்கீதம், பொல்லாதவர்கள் செழிப்பதைப் பார்த்து எரிச்சலடையாதே என்று சொல்லும் பாட்டு. ஓசூர் வாடகை வீட்டைப் பற்றி இரண்டிலும் ஒன்றும் இல்லை. வேதத்தில் வரும் கிதியோன் ராத்திரியில் ஆட்டுத் தோலைத் தரையில் போட்டு அடையாளம் கேட்டானே என்பீர்கள். அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கர்த்தர் முன்னாடியே சொல்லியாகிவிட்டது. அப்படியும் பனியில் தோல் மட்டும் நனையட்டும் என்றான், நனைந்தது. மறுநாள் தரை நனையட்டும், தோல் காயட்டும் என்றான். ஒரு அடையாளம் கிடைத்தும் மனசு அடங்கவில்லை, பார்த்தீர்களா? உங்களுக்கும் அதே கதைதான்.

அப்போஸ்தலர் 16ஐ ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். பவுல் பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், தடை வருகிறது. துரோவாவில் தரிசனம் கிடைத்துத்தான் மக்கெதோனியாவுக்குக் கப்பல் ஏறுகிறார். இதைவிடத் தெளிவான வழிநடத்துதல் யாருக்குக் கிடைக்கும்? பிலிப்பி பட்டணத்தில் அவருக்குக் கிடைத்தது அடியும் சிறையும். அவரோ வழி தவறி வந்துவிட்டோம் என்று நினைக்கவில்லை, ராத்திரியில் பாடிக்கொண்டிருந்தார். நீங்கள் ஆண்டவரிடம் வழி கேட்கிறேன் என்கிறீர்கள். எனக்கென்னவோ, எந்தக் கஷ்டமும் வராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறீர்கள் என்றுதான் படுகிறது. அப்படி ஒரு பத்திரத்தைப் பவுலுக்கே அவர் கொடுக்கவில்லை. யாக்கோபு 1:5 ஞானத்தைக் கேட்கச் சொல்கிறது. கேட்கிற ஒருவரையும் அவர் கடிந்துகொள்ள மாட்டார் என்றும் சொல்கிறது. அந்தக் கடைசிப் பகுதி உங்களுக்கு முக்கியம்.

சரி, என்ன செய்வது? பெட்டியைக் கணவரிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள். டியூஷன், துணி, மார்க்கெட் எதற்கும் சீட்டு வேண்டாம். காலையில் ஒரு தடவை அன்றைய நாளுக்காக ஜெபியுங்கள், அதோடு வேலையைப் பாருங்கள். முதல் சில நாள் நெஞ்சு படபடக்கும். திரும்பக் கேட்கத் தோன்றும். கேட்காமல் அந்தப் படபடப்போடேயே தைத்துக்கொண்டிருங்கள், தானாகக் குறையும். "நான் செய்தது சரிதானே?" என்று கணவரிடம் பத்து தடவை கேட்பதும் சீட்டு எடுப்பதும் ஒன்றுதான், அதையும் விடுங்கள். வேதம் வாசிப்பதை விட வேண்டாம். ஒரு புத்தகத்தை எடுத்து வரிசையாக அதிகாரம் அதிகாரமாகப் படியுங்கள்.

ஓசூருக்குப் போகலாமா என்றால், நான் சொல்ல மாட்டேன். சொன்னால் இதையும் ஒரு சீட்டாக எடுத்துக்கொள்வீர்கள். 1522இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது, பிற்பாடு இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாருக்கும் இதுபோன்ற வதை இருந்தது. அறிக்கையிட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுக்கொண்டிருந்தார். பிற்பாடு அவர் முடிவெடுப்பதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலைமையோடு உன்னிடம் வந்தால் என்ன சொல்வாயோ, அதை நீ செய். அவர் கத்தோலிக்கர், நீங்கள் வேறு சபையாக இருக்கலாம், பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கணவரோடு உட்கார்ந்து வாடகை எவ்வளவு, பத்தாம் வகுப்பில் மகளைப் பள்ளி மாற்றலாமா, அத்தைக்குப் பக்கத்தில் டாக்டர் உண்டா, அங்கே தைக்கக் கொடுக்க ஆள் கிடைக்குமா என்று பேசுங்கள். மகளையும் அத்தையையும் கேளுங்கள். ஜெபித்துவிட்டு அன்றே முடிவு சொல்லிவிடுங்கள். "சமாதானம்" வரட்டும் என்று காத்திருந்தால் அட்வான்ஸ் தேதி போய்விடும். பதற்றம் இருக்கும் மனசுக்கு எந்தப் பக்கம் போனாலும் அது உடனே வராது.

ஜெபக்குழு அக்காவிடம் "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொன்னால் போதும். கத்துகிற கணவர் விசுவாசத்தில் பின்வாங்கியதாகவும் எனக்குத் தெரியவில்லை; ஷிப்டு முடிந்து களைத்து வருகிற மனுஷன்.

கடிதத்தை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லும் ஓசிடி என்ற மனநலப் பிரச்சினை பக்தியின் வடிவிலும் வருவதுண்டு. நான் சொன்னபடி ஒரு மாதம் முயன்றும் நிறுத்த முடியாவிட்டால், கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்தும் பயிற்சியும் நன்றாக வேலை செய்யும், விசுவாசத்தை விடச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கு முன் போனில் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ், 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். சீட்டுக்காக நாள் ஒன்றுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அவர் சொல்வதையும் மருத்துவர் கேட்க வேண்டும்.