இன்ஜின் மக்கர் செய்தால் மேடே சொல்லத் தயங்காதீர்கள்

தம்பி, உடுமலையிலிருந்து கனடாவின் ஃபிரேசர் பள்ளத்தாக்குக்கு விமானப் பயிற்சிக்கு வந்திருக்கிறீர்கள். தனியாகப் பறக்கும்போது இன்ஜின் மக்கர் செய்தால் என்ன செய்வது, ரேடியோவில் 'மேடே' (உயிருக்கு ஆபத்து என்று அறிவிக்கும் அழைப்பு) சொன்னால் விசாவுக்குச் சிக்கல் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது. ஆபத்தில் மேடே சொல்வது பைலட்டின் வேலை, அதைக் குற்றமாக யாரும் பார்ப்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே சொல்லுங்கள். யாரிடமும் பேச்சில் இல்லையென்றால் 121.5 என்ற அவசர அலைவரிசையில். ரேடாருக்கு உங்கள் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசர எண். இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை, கன்ட்ரோலர் மற்ற விமானங்களை ஒதுக்கி உங்களுக்கு வழிவிடுவார்.

ஆனால் ரேடியோவுக்கு முன்னால் வேகம். உங்கள் பழைய செஸ்னா 172என் பயிற்சி விமானம் என்றால், இன்ஜின் இல்லாமல் மிதக்க 65 நாட். மூக்கை இறக்கி அந்த வேகத்தைப் பிடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இந்த ஈரமான ஊரில் நான் அதிகம் எச்சரிப்பது, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் கட்டும் பனியைத்தான். குளிர்காலத்துச் சங்கதி என்று நினைக்காதீர்கள். வெளியே 20 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் கட்டும். இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொடாமலே, சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மெல்ல இறங்கும். உடனே, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட் குமிழை முழுசாக வெளியே இழுங்கள். இன்ஜின் இன்னும் மோசமாக உதறும், முள் மேலும் இறங்கும். பயந்துபோய்த் திரும்ப உள்ளே தள்ளிவிடாதீர்கள்! உருகிய தண்ணீர் இன்ஜினுக்குள் போவதால் வரும் உதறல் அது. கொஞ்சம் பொறுத்தால் முள் ஏறும்.

ஏறவில்லையா? ஃப்யூயல் செலக்டர் 'போத்' (இரண்டு டாங்கும்), மிக்ஸ்சர் ரிச் (எரிபொருள் கலவை முழுசாக), தீப்பொறி தரும் மேக்னெட்டோ 'போத்' (இரண்டும்). அதற்கும் மசியாவிட்டால் வயலைப் பாருங்கள். காற்றில்லாதபோது 3000 அடியிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் மிதந்து போகலாம். காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். காற்றாலை திரும்பி நிற்பதைப் பார்த்தே காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்பவர்தானே நீங்கள்? இங்கே புகையைப் பாருங்கள், குளத்து அலையைப் பாருங்கள். கிளம்பிய கொஞ்ச உயரத்திலேயே நின்றுவிட்டால் ஓடுபாதைக்குத் திரும்பவே கூடாது, நேர் முன்னால்தான்.

அப்புறம் காசு விஷயம். தோட்டத்தை அடமானம் வைத்து வந்த பிள்ளைகளுக்கு விமானக் கட்டண மீட்டர் ஓடுவது மட்டுமே கண்ணில் தெரிகிறது, எனக்கு அதுதான் கவலை. ரன்-அப்பில் (கிளம்பும் முன் தரையில் செய்யும் இன்ஜின் சோதனையில்) ஒரு மேக்னெட்டோவில் 125 ஆர்பிஎம்முக்கு மேல் விழுந்தால் திருப்பி ஓட்டி வந்து, பழுதை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அடுத்த வகுப்பில், இன்ஜின் நின்றதுபோல் பழக, சொல்லாமல் த்ராட்டிலை இழுத்துவிடச் சொல்லி ஆசிரியரிடம் நீங்களே கேளுங்கள்.