வானொலி அலைகள்: டெல்டாக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மன்னார்குடியில் முப்பத்தைந்து ஆண்டுகள் ரேடியோ பழுது பார்த்தவன் நான். வருமானத்துக்காக அல்லாமல் ஆர்வத்துக்காகத் தனிநபர்கள் சொந்தக் கருவியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்கான உரிமமும் வைத்திருக்கிறேன். அலைவரிசைகளைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஐயா, திருச்சி வானொலியை 936 என்றும் 102.1 என்றும் சொல்கிறார்கள். இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன? (பள்ளி மாணவி, திருத்துறைப்பூண்டி)

அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதைக் குறிக்கின்றன, அம்மா. 936 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 9,36,000 அதிர்வுகள். இது மத்திய அலை. 102.1 மெகா ஹெர்ட்ஸ் என்றால் பத்துக் கோடியே இருபத்தோரு லட்சம், இது பண்பலை. இரண்டும் ஓடும் வேகம் ஒன்றுதான்: நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர். ஆகவே வேகமாக அதிரும் அலை குட்டையாக இருக்கும். 300-ஐ மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்துப் பார், அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். திருச்சியின் மத்திய அலைக்கு (0.936 மெகா ஹெர்ட்ஸ்) 320 மீட்டர், பண்பலைக்கு 3 மீட்டருக்கும் குறைவு, 1800 மெகா ஹெர்ட்ஸ் செல்போனுக்கு ஒரு சாண் அளவுகூட வராது. இந்த நீளத்தை மனத்தில் வைத்துக்கொள். கீழே வரும் பதில்களுக்கெல்லாம் இதுதான் வேர்.

திருச்சி மத்திய அலை பகலில் எங்கள் வயலில் தெளிவாகக் கேட்கிறது. இரவானால் எங்கிருந்தோ வேறு நிலையங்கள் வந்து கலக்கின்றன. ஏன்? (விவசாயி, ஒரத்தநாடு)

பகலில் உங்களுக்கு வருவது தரை அலை. நீண்ட அலை நிலத்தைத் தழுவிக்கொண்டே போகும். போகிற வழியில் மண் அதன் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் மண் குறைவாக உறிஞ்சும், காய்ந்த பாறை நிலம் அதிகமாக உறிஞ்சும். நம் வண்டல், அதிலும் நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயல், அலைக்கு நல்ல பாதை. கடல் நீர் இதைவிடவும் நல்ல பாதை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நமக்குப் பயிர் மட்டும் செழிக்கிறது என்று நினைக்காதீர்கள்!

மேல்நோக்கிப் போகும் அலைகளின் கதை வேறு. சூரிய ஒளியால் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு உருவாகி, பகல் முழுவதும் மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அது கலைந்துபோகும். அப்போது அலைகள் இன்னும் உயரத்தில் உள்ள அடுக்குகள் வரை போய்த் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தரையிறங்குகின்றன. உங்கள் ரேடியோவில் பழுது ஒன்றும் இல்லை.

விசைப்படகில் வி.எச்.எஃப். கருவி (படகுகள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ்) இருக்கிறது. சற்று தூரம் போனதும் மற்ற படகுகளோடு பேச முடிவதில்லை. அதிகத் திறன் உள்ள கருவி வாங்கலாமா? (மீனவர், அக்கரைப்பேட்டை)

வேண்டாம் அண்ணே, அந்தப் பணத்தை ஆன்டெனாவை உயர்த்தச் செலவிடுங்கள். இந்த அலையின் நீளம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. தரையையோ கடலையோ தழுவி வெகுதூரம் போகாது. ஏறக்குறைய நேர்கோட்டில் ஓடும். பூமியோ உருண்டை. ஆன்டெனா கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்குங்கள், அத்தனை கிலோமீட்டர் வரை அது ‘பார்க்கும்’. இரு படகிலும் 4 மீட்டர் உயரம் என்றால் 8 கிலோமீட்டரும் 8 கிலோமீட்டரும் சேர்ந்து 16. இருவரும் 9 மீட்டருக்கு உயர்த்தினால் 25 ஆகிவிடும். கொடைக்கானல் மலையிலிருந்து ஒலிபரப்பாகும் கோடைப் பண்பலை திருச்சி வரை கேட்பதற்கும் காரணம் மலையின் உயரம்தான்.

கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று கேட்கிறேன். 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகா ஹெர்ட்ஸ், ஆபத்தில் அழைப்பதற்கும் முதல் அழைப்புக்கும் உரியது. அதில் மீன் விலை பேசாதீர்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஒருவன் மூழ்கிக்கொண்டிருக்கலாம்.

தோப்புக்குப் பக்கத்தில் செல்போன் கோபுரம் வைத்தபின் தென்னையில் குரும்பை கொட்டுகிறது. அலையால்தானே? (பேராவூரணி)

அலை காரணம் என்று நான் நினைக்கவில்லை. செல்போன் அலை, மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் இல்லாத வகையைச் சேர்ந்தது. கோபுரத்திலிருந்து விலக விலக அதன் செறிவு, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துவிடும். 2012-இல் நம் நாடு கதிர்வீச்சு வரம்பைப் பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் உண்மையான காரணம் கண்ணில் படாது. போரான் குறைவா, தண்ணீர் போதவில்லையா, ஈரியோஃபைட் சிலந்தி என்னும் நுண்ணிய பூச்சி விழுந்திருக்கிறதா என்று வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

ஐயா, புயலில் கோபுரங்கள் செயலிழந்தாலும் அமெச்சூர் வானொலி எப்படி வேலை செய்கிறது? நானும் உரிமம் வாங்கலாமா? (கல்லூரி மாணவர், முத்துப்பேட்டை)

தாராளமாக வாங்கலாம் தம்பி. 12 வயது நிரம்பியிருந்தால் போதும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். அடிப்படை மின்னணுவியலும் வானொலி விதிகளும்தான் பாடம்.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் கரையைக் கடந்தது. மின்சாரமும் இல்லை, செல்போனும் இல்லை. காலையில் டிராக்டர் பேட்டரியைக் கழற்றி, சாயாமல் நின்ற இரண்டு தென்னைகளுக்கு இடையே 20 மீட்டர் கம்பியைக் கட்டினேன். 7 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதி அது. அந்த அலை மேலே போய், முன்பு சொன்ன மின்னேற்றம் பெற்ற உயர அடுக்குகளில் (அயனி மண்டலத்தில்) பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் இறங்கும். நடுவில் கோபுரம் எதுவும் தேவையில்லை. பத்து மணிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் ஈரப் புடவையோடு வந்து என்னருகில் நின்றார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனின் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். “அம்மா நன்றாக இருக்கிறார், கூரை மட்டும் போய்விட்டது” என்ற செய்தியைச் சென்னைக்காரர் அந்த எண்ணுக்குப் பேசித் தெரிவித்தார்.