மோனாலிசாவை நகலெடுத்து எண்ணெய் வண்ண உருவப்படம் கற்க முடியுமா?

நிச்சயமாக முடியும், படம் உருவான வரிசையையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்திலுள்ள மோனாலிசா நகலை ஆராய்ந்த முடிவுகள் 2012இல் வெளியானபோது, மூலப்படத்தைத் தீட்டிய லியொனார்டோ டா வின்சி தம் அடிப்படை வரைவில் செய்த திருத்தங்களையே, அருகிலிருந்து தீட்டிய அவருடைய பட்டறை ஓவியரும் செய்திருந்தது தெரியவந்தது. கற்பதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் பழுப்பு நிறத்தில் ஒளி நிழலை மட்டும் அமைத்து, அது காய்ந்தபின் தோல் நிறத்தை மெல்லிய, ஒளி ஊடுருவும் அடுக்குகளாக ஏற்றுங்கள். மேலடுக்கில் எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். இல்லையெனில் பின்னாளில் வெடிப்பு விழும். உதட்டோரத்திலும் கண்ணோரத்திலும் கோடு வேண்டாம். நிழல் தொடங்கும் இடமே தெரியாமல் கரைந்திருப்பதுதான் அந்தப் புன்னகைக்கு உயிர் தருகிறது என்பதால், பெரும்பகுதி நேரத்தை அங்கேயே செலவிடுங்கள்.