ஈசலுக்கு ஏன் இவ்வளவு வெட்கம்?

கேள்வி: ஐரோப்பாவில் பூச்சி மாவைப் போட்டு ரொட்டி சுடுகிறார்களாம், சிங்கப்பூரிலும் அனுமதி கொடுத்துவிட்டார்களாம். நம் பண்பாட்டிலேயே இல்லாத இந்த அருவருப்பைச் சத்துணவு என்று நம் தலையிலும் கட்டிவிடுவார்களோ? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: யாரும் கட்டமாட்டார்கள், பயப்படாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் மஞ்சள் மாவுப்புழுவுக்கும் 2023-இல் சுவர்க்கோழி என்கிற, இரவில் கத்தும் பூச்சியின் பொடிக்கும் அனுமதி கொடுத்தது. சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளுக்குக் கொடுத்தது. விற்கலாம் என்றார்களே தவிர, தின்றே தீரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாமென்றால் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு வைத்துவிடலாம், அவ்வளவுதான்.

'நம் பண்பாட்டிலேயே இல்லாத' என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அகநானூற்றில் 394-ஆவது பாட்டு, முல்லை நிலத்துச் சாப்பாடு ஒன்றைச் சொல்கிறது. செம்மறியாட்டுத் தயிர், குத்தித் தீட்டிய வரகரிசி, மழை விட்டதும் ஈரப் புற்றிலிருந்து கிளம்பிய ஈசல், எல்லாம் சேர்த்து ஆக்கிய புளிப்பான சுடுசோறு, அதன்மேல் வெண்ணெய் உருகுகிறது. படிக்கும்போதே பசிக்கிறது எனக்கு. பாரியின் நாட்டு வளத்தை நினைத்து ஏங்குகிற கபிலரும் (புறநானூறு 119) தினையோடு, ஈசல் போட்ட புளித்த மோரைத்தான் சொல்கிறார். பாரி வள்ளலை மேடைதோறும் புகழ்கிறோம், அவன் ஊர்ச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடுகிறோம்.

சங்ககாலம் ரொம்பத் தூரம் என்றால், கிராமத்தில் வளர்ந்த யாரையாவது, அறுபது வயதுக்கு மேற்பட்டவராகப் பார்த்து, கேளுங்கள். மழை பெய்து ஓய்ந்த பொழுதில் புற்றோரம் விளக்கை வைத்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துப் பிடித்த ஈசலைக் காயவைத்து, இறகு போக முறத்தில் புடைத்து, சட்டியில் வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து மடியில் கட்டிக்கொண்டு திரிந்த கதையைச் சொல்வார். நானும் தின்றிருக்கிறேன். வேர்க்கடலை வாசம், கொஞ்சம் எண்ணெய்ப்பசை. அளவு மீறினால் வயிற்றால் போகும் என்று வீட்டில் அதட்டியதும் ஞாபகம் இருக்கிறது. இருளர்கள் இன்றும் பிடிக்கிறார்கள். நாம் விட்டதற்குக் காரணம் சுகாதாரம் என்றா நினைக்கிறீர்கள்? யார் தின்கிறார்கள் என்று பார்த்துக் கைவிட்டோம். இப்போது புற்றீசல் என்ற சொல் பத்திரிகைகளில் பயிற்சி மையங்களைத் திட்ட மட்டும்தான் பயன்படுகிறது.

அருவருப்பு என்கிறீர்கள். இறால், நண்டு இரண்டும் பூச்சிக்குச் சொந்தக்காரர்கள்தான், கடலில் இருப்பதால் கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். தேன், தேனீயின் வயிற்றுக்குள் போய் வந்த சரக்கு. மாத்திரைகள் சிலவற்றின் மேல்பூச்சு, அரக்குப் பூச்சி கசியவிட்ட பிசின்.

சத்து விஷயத்தில் ஆர்வலர்கள் சொல்வதையும் அப்படியே விழுங்கவேண்டாம். உலர்ந்த சுவர்க்கோழிப் பொடியில் பாதிக்கு மேல் புரதம் என்பது உண்மைதான், ஆனால் அது ஈரம் போன பொடியின் கணக்கு, அதைச் சமைத்த கோழியோடு ஒப்பிடுவது வியாபாரத் தந்திரம். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் மரத்து இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பை அரைத்துச் சட்னி செய்கிறார்கள், சளிக்கு நல்லது என்று நம்புகிறார்கள். அதைக் கொரோனாவுக்கு மருந்தாகப் பயன்படுத்த உத்தரவிடச் சொன்ன மனுவை உச்ச நீதிமன்றம் 2021-இல் தள்ளுபடி செய்தது. 2024 ஜனவரியில் அதே சட்னிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. சட்னியைச் சட்னியாக மதித்தார்கள், மருந்தாக்கவில்லை.

அப்புறம் ஒரு விஷயம். இறால் தின்றால் உடம்பு தடித்து அரிக்கிறவர்கள் பூச்சிப் பக்கமே போகக்கூடாது, இரண்டிலும் ஒவ்வாமையைக் கிளப்புவது ஒரே மாதிரிப் புரதம். மருந்து தெளித்த வயலோரத்தில் பிடித்ததும், கறையான் மருந்து அடித்த வீட்டில் டியூப்லைட்டைச் சுற்றி விழுந்ததும் யாருக்குமே ஆகாது. உங்களுக்கு இறால் ஒத்துக்கொள்ளுமா, சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளும் என்றால் அடுத்த மழைக்கு ஒரு பிடி ஈசல் வறுத்து அனுப்புகிறேன், தின்றுவிட்டு மறுபடியும் திட்டி எழுதுங்கள், போடுகிறேன்.