பழைய சிங்கிள் தட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் மான்செஸ்டரில் வசிக்கிறேன். கொஞ்ச காலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் இசைத்தட்டுச் சந்தைகளுக்குப் போய்வருகிறேன். வாங்குவது எல்லாம் பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள ஏழு அங்குல சிங்கிள்கள்தான். இரண்டு விஷயங்கள் புரியவில்லை. ஒரே பாட்டு, ஒரே கம்பெனி, ஆனால் ஒரு மேஜையில் ஒரு பவுண்டு, அடுத்த மேஜையில் இருபது பவுண்டு சொல்கிறார்கள். ஏன்? அப்புறம், எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். பின்னால் நல்ல விலைக்குப் போகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விலை ஏறும் என்று வீட்டில் சொல்ல வேண்டாம். பெரும்பாலான சிங்கிள்களுக்கு ஏறாது. ஒரு பாட்டு விற்பனைத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது என்றால் அந்தத் தட்டு அன்று வீட்டுக்கு வீடு போயிருக்கும், இன்றும் எந்தச் சந்தையிலும் மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டிகளில் கிடைக்கும். பெரிய விலைக்குப் போவது அன்று யாரும் வாங்காத தட்டு, அல்லது கடைக்கே வராத தட்டு.

இதற்கு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. 1973 முதல் 1981 வரை விகன் கசினோ என்ற அரங்கில் இரவு முழுக்க நடனம் நடக்கும். அங்கே ஒலித்தவை பெரும்பாலும் அறுபதுகளில் அமெரிக்காவில் வெளிவந்து எடுபடாமல் போன, சோல் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இசைவகையைச் சேர்ந்த சிங்கிள்கள். வேறு யாரிடமும் இல்லாத ஒரு தட்டைத் தேடிக் கொண்டுவருவதுதான் அங்கே தட்டு சுழற்றுபவர்களின் கௌரவம். அந்தத் தேடலில் அகப்பட்ட ஒன்று, ஃபிராங்க் வில்சன் 1965இல் மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடிய 'டூ ஐ லவ் யூ'. விற்பனைக்கு வராமலே நிறுத்தப்பட்டு, அச்சான பிரதிகளும் அநேகமாக அழிக்கப்பட்டுவிட்டன. தப்பிய பிரதி ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. அப்படி ஒன்று நம் கைக்கு வரும் என்று எண்ணிக்கொண்டு சந்தைக்குப் போனால் கையில் இருக்கும் நல்ல பாட்டைக்கூட நிம்மதியாகக் கேட்க முடியாது. கேட்பதற்காக வாங்குங்கள். நான் சொல்ல வருவது இதைத்தான்.

சரி, ஒரு பவுண்டும் இருபது பவுண்டும். பாட்டு ஒன்றாக இருக்கலாம், ஆனால் தட்டு ஒன்றல்ல. நன்றாக விற்ற சிங்கிளைக் கம்பெனிகள் திரும்பத் திரும்ப அச்சிட்டன. லண்டன் என்ற பெயரில் டெக்கா என்ற பிரிட்டிஷ் கம்பெனி வெளியிட்ட அமெரிக்கப் பாடல்களை எடுத்துப் பாருங்கள். ஐம்பதுகளில் வந்தவற்றில் நடுத்துளையைச் சுற்றி முக்கோண வடிவில் ஒரு துண்டு இருக்கும், அழுத்தினால் கழன்று வரும். பின்னாளில் வந்த அச்சுகளில் அது வட்டமாகிவிட்டது. முக்கோணம் இருந்தால் முதல் அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம், விலையும் அதிகம். அந்த நடுத்துண்டே இல்லாமல் பெரிய ஓட்டையாக இருந்தால், பெரும்பாலும் அது ஜூக்பாக்ஸில், அதாவது காசு போட்டால் பாடும் பெட்டியில், ஓடிய தட்டு. அதே ஊசியில் ஓயாமல் ஓடித் தேய்ந்திருக்கும். விலை குறைவாகச் சொல்வார்கள், அதுதான் நியாயம்.

தட்டின் நடுவே உள்ள லேபிளை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பான ஒரு வளையம் இருக்கிறதே, தட்டைச் சாய்த்து வெளிச்சம் அங்கே விழும்படி பிடியுங்கள். அறுபதுகளில் இ.எம்.ஐ. கம்பெனி பார்லஃபோன் என்ற பெயரில் அச்சிட்ட தட்டு என்றால், லேபிளை நிமிர்த்தி வைத்துப் பார்க்கும்போது கீழே மேட்ரிக்ஸ் எண் (அந்தப் பக்கத்துப் பதிவின் அடையாள எண்), இடப்பக்கம் ஒரு எண், வலப்பக்கம் ஒன்றிரண்டு எழுத்துகள் தெரியும். இடப்பக்கத்து எண் எந்த 'மதர்', அதாவது ஸ்டாம்பர்களை எடுக்கப் பயன்பட்ட உலோகத் தட்டு எது என்பதைக் காட்டும். வலப்பக்கத்து எழுத்துகள் எந்த 'ஸ்டாம்பர்', அதாவது பிளாஸ்டிக்கை அழுத்திய உலோக அச்சு எத்தனையாவது என்பதைச் சொல்லும். இ.எம்.ஐ.யைச் சேர்ந்த கிராமபோன் கம்பெனியின் ஆங்கிலப் பெயரிலிருந்து பத்து எழுத்துகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, இப்படியே போய்ப் பத்தாவது எழுத்து பூஜ்யம். ஜியும் ஆரும் சேர்ந்து இருந்தால் பன்னிரண்டாவது ஸ்டாம்பர். ஜி மட்டும் தனியாக இருந்தால், முதல் ஸ்டாம்பரில் வந்த பிரதி உங்கள் கையில் இருக்கிறது. வாங்குகிறோமோ இல்லையோ, இதைப் படித்துப் பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். எழுபதுகளின் தட்டுகளில் சில சமயம் 'எ போர்க்கி பிரைம் கட்' என்று கையால் கீறியிருக்கும். ஜார்ஜ் பெக்கம் என்ற ஒலிப்பொறியாளர், தான் வெட்டிய (அதாவது பாட்டை மூலத்தட்டில் தடமாகச் செதுக்கிய) தட்டுகளில் இட்ட கையெழுத்து அது. அவர் வெட்டியவை கணீரென்று இருக்கும் என்று பெயர். கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரம் சொல்லும் வார்த்தைகளை அப்படியே நம்ப வேண்டாம். இந்த வியாபாரத்தில் 'குட்' என்று எழுதியிருந்தால் பாட்டை மீறி இரைச்சல் கேட்கும் என்று அர்த்தம். 'வெரி குட்' என்றாலும் சரசரப்பு இருக்கும். 'எக்ஸலண்ட்' அல்லது 'நியர் மின்ட்' என்றால்தான் நாம் நினைக்கும் நல்ல நிலை. அதையும் உறையிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். விரல் நகத்தில் தட்டுப்படும் கீறல் ஊசியிலும் தட்டுப்படும். அமெரிக்கத் தட்டுகள் சில ஸ்டைரீன் என்ற பொருளில் வார்க்கப்பட்டவை. அவை பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும், ஆனால் தேய்ந்த ஊசியில் கொஞ்சம் ஓடியிருந்தால் போதும், குரல் கரகரத்துவிடும். அவற்றைக் கேட்காமல் வாங்கக் கூடாது. பல வியாபாரிகள் கையடக்க ப்ளேயர் ஒன்றை வைத்திருப்பார்கள், கேட்டால் போட்டுக் காட்டுவார்கள். முகம் சுளிக்கிறவரிடம் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

இனி உங்கள் வீட்டாரின் கேள்வி. அது நியாயமான கேள்வி, அதற்கு விலையைத் தவிர்த்தே பதில் இருக்கிறது. அறுபதுகளில் பாட்டு மக்களைப் போய்ச் சேர்ந்தது சிங்கிளாகத்தான். அதற்கென்றே குரலையும் வாத்தியங்களையும் மோனோவில், அதாவது ஒரே ஒலித்தடமாக, தனியாகக் கலந்தார்கள். சின்ன ரேடியோவிலும் மதுக்கடை ஜூக்பாக்ஸிலும் எடுபட வேண்டும் என்று ஓங்கிய ஒலியில் வெட்டினார்கள். நிமிடத்துக்கு 45 சுற்று என்பதால், மையத்திலிருந்து ஒரே தூரத்தில் வைத்துப் பார்த்தால், பல பாட்டுகள் கொண்ட 33 சுற்று எல்.பி.யைவிட ஊசிக்கு அடியில் தடம் வேகமாக ஓடும், அதனால் உச்ச ஸ்வரங்கள் தெளிவாகப் பதியும். போனில் கேட்பது பெரும்பாலும் ஸ்டீரியோவில், அதாவது இடமும் வலமுமாக இரண்டு தடங்களில், கலந்த வடிவம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள், அவர்களே வித்தியாசம் சொல்வார்கள்.

அப்புறம் மறுபக்கம். பீட்டில்ஸின் 'ரெயின்' 1966இல் 'பேப்பர்பேக் ரைட்டர்' சிங்கிளின் பின்பக்கமாக வந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் எல்.பி. எதிலும் அது இல்லை. குரலைப் பின்னோக்கி ஓடவிட்டு முடிகிற அந்தப் பாட்டைக் கேட்க, அன்று தட்டைத் திருப்பிப் போட்டே ஆகவேண்டும். இப்படிப் பின்பக்கத்தில் அமுங்கிப்போன நல்ல பாட்டுகள் ஏராளம். ஒரு பவுண்டு பெட்டியில் முன்பக்கப் பாட்டு பிடிக்கவில்லை என்று தள்ளிவிடாமல் பின்பக்கத்தையும் பாருங்கள். அந்தப் பெட்டிகளுக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன்.

இன்னொன்று, இது நம் பக்கத்துச் செய்தி. இங்கிலாந்தில் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய வகைத் தட்டுகள் வழக்கொழிந்த பிறகும் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆலையில் அவற்றை அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இல்லாத ஊர்களில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் பீட்டில்ஸ் பாட்டுகளே அறுபதுகளில் இந்தியாவில் 78 தட்டுகளாக வந்தன. இங்கிலாந்தில் அப்படி ஒரு பொருளே கிடையாது என்பதால் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்குப் பெரிய விலை கொடுக்கிறார்கள். உங்கள் கண்ணில் அப்படி ஒன்று பட்டால் ஆல்கஹால் கலந்த திரவத்தால் மட்டும் துடைத்துவிடாதீர்கள், 78 தட்டு செய்யப்பட்ட ஷெல்லாக் என்ற அரக்குப் பொருள் கரைந்துவிடும். உலர்ந்த மென்துணி போதும். பட்டால் எனக்கும் எழுதுங்கள், லேபிளின் படத்தோடு.

அன்புடன்